யந்திரத்தின் தலையெழுத்து

(ஒரகடத்தை அடுத்த ஒரு கிராமத்தில், ஆலைத் தொழிலாளத் தோழர்களும் விவசாயத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், ஒரு பழைய கம்ப்யூட்டரை அதன்மேல் பொறித்திருக்கும் வேகத்துக்கு மேலாக ஓட்டுவது எப்படி, அப்படி ஓட்டும்போது அதன் மூளை வெந்து போகாமல் குளிர வைத்துக் காப்பாற்றுவது எப்படி என்பதாகும். இதை நோட்டீசில் பார்த்ததும் சில நண்பர்கள், "ஜாதி ஒழிப்பைப் பற்றிப் பேசுவீர்கள் என்று வந்தால் ரிப்பேர்க் கடைப் பாடம் நடத்தப் போகிறீர்களே" என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். குறைப்பட வேண்டியதில்லை. இந்த இயக்கத்தில் விஞ்ஞானம் பேசுவது புதிதல்ல. 1930-களில் தோழர் சிங்காரவேலு அவர்கள் "குடிஅரசு" பத்திரிகையில் விஞ்ஞான விஷயங்களை விடாமல் எழுதி வந்தார்கள். தோழர் பெரியார் அவர்கள் 1940-களிலேயே, இனிவரும் உலகத்தில் கம்பியில்லாச் செய்திக் கருவி ஒவ்வொரு மனிதனோடும் கூடவே இருக்கும் என்று சொன்னபோது சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்களின் பேரப் பிள்ளைகள் 2006 முதல் 2014 வரை இதே ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் அந்தக் கருவியைத் தங்கள் கையாலேயே செய்து அனுப்பினார்கள். 2007-இல் டெல் கம்பெனியார் இங்கே கம்ப்யூட்டர் செய்யும் ஆலையைத் திறந்தார்கள். ஆகவே இந்தச் சாமான் உங்களுக்கு அன்னியமானதல்ல. இந்த வட்டாரத்தில் இதைத் தொடாத குடும்பம் இல்லை. ஆனால் இதைத் திறந்து உள்ளே பார்த்த குடும்பம் எத்தனை என்று கேட்டால், நாம் தலை குனிய வேண்டியதாகத்தான் இருக்கிறது.

இதோ மேஜைமேல் இருக்கும் பெட்டியைப் பாருங்கள். இது இருபத்தைந்து வருஷத்துக்கு மேற்பட்டது. காஞ்சிபுரம் பக்கத்தில் "கம்ப்யூட்டர் ஜாதகம்" கணித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு கடையை மூடியபோது, பழைய இரும்பு விலைக்கு நம் இளைஞர்கள் வாங்கி வந்தார்கள். வாங்கிய அன்று இது ஐந்து நிமிஷம் ஓடும். பிறகு அப்படியே நின்றுவிடும். கடைக்காரர், "இதற்குச் சனி பிடித்திருக்கிறது, அதனால்தான் கொடுத்துவிடுகிறேன்" என்றாராம். ஊருக்கெல்லாம் சனிக்குப் பரிகாரம் எழுதிக் கொடுத்தவர் தம்முடைய யந்திரத்தின் சனியை நீக்க முடியாமல் இரும்புக் கடைக்குத் தள்ளினார் என்பதைக் கவனியுங்கள்.

நம் இளைஞர்கள் பரிகாரம் ஒன்றும் செய்யவில்லை. நான்கு திருகாணிகளைக் கழற்றினார்கள். உள்ளே பார்த்தால், வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று இதற்குப் பூசிய சந்தனமும் குங்குமமும் விபூதியும், காற்றுப் போகும் துவாரங்களில் காய்ந்து அடைத்துக்கொண்டிருந்தன. கற்பூரப் புகையும் சாம்பிராணிப் புகையும் விசிறியின் இறக்கைகளில் பிசினாகப் படிந்து, அந்தப் பிசினில் தெருப்புழுதி ஒட்டி, விசிறி சுற்ற முடியாமல் முனகிக்கொண்டிருந்தது. விசிறிக்கு அடியில் இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு இடையே புழுதி, கம்பளிபோல் நெய்து கிடந்தது. பக்தியோடு கும்பிட்ட கையே அதன் கழுத்தை நெரித்திருக்கிறது. ஒரு பழைய பல் துலக்கும் பிரஷும் கொஞ்சம் பஞ்சும் கொண்டு ஒரு மணி நேரம் சுத்தம் செய்தார்கள். சனி போய்விட்டது.

தோழர்களே! சுத்தம் செய்ததோடு நின்றிருந்தால் இன்று கூட்டம் தேவையில்லை. அடுத்தபடியாக அவர்கள் செய்த காரியந்தான் நாம் பேச வந்த காரியம். இந்தப் பெட்டியின் மூளை, பிராசசர் என்று சொல்லப்படும் சில்லு, இன்டெல் கம்பெனியார் 1998-இல் வெளியிட்ட செலரான் 300ஏ என்பதாகும். இதன்மேல் 300 மெகாஹெர்ட்ஸ் என்று முத்திரை இருக்கிறது. அதாவது ஒரு வினாடிக்கு 30 கோடி துடிப்புக்குத் தகுதியானது என்று அர்த்தம். நம் இளைஞர்கள் இதை 45 கோடி துடிப்பில் ஓட்டுகிறார்கள். நீங்கள் வந்து உட்கார்ந்தது முதல் இது அந்த வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்குத்தான் ஓவர்கிளாக்கிங் என்று பெயர்.

இந்தத் துடிப்பு என்றால் என்ன? வீடு கட்டும் இடத்தில் செங்கல் கை மாற்றுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வரிசையாக இருபது பேர் நிற்பார்கள். ஒருவர் தாளம்போல் குரல் கொடுப்பார். ஒவ்வொரு குரலுக்கும் ஒவ்வொரு கல் ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு மாறும். பிராசசருக்குள் இப்படிக் கை மாற்றுகிறவர்கள் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு டிரான்சிஸ்டர் என்று பெயர். குரல் கொடுப்பது ஒரு குவார்ட்ஸ் படிகம். குரலைச் சற்று விரைவாகக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கல் ஒரு கையில் சரியாக உட்காருவதற்கு முன்னே அடுத்த குரல் வந்துவிட்டால் கல் கீழே விழும். யந்திரத்தில் கல் விழுவது என்பது கணக்குத் தப்புவது. அல்லது திரை உறைந்து நின்றுவிடுவது.

கையை இன்னும் சுறுசுறுப்பாக ஓட வைக்க வேண்டுமானால் மின்சார அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டலாம். அதற்கு விலை உண்டு, விலை சூடு. துடிப்பு எத்தனை மடங்கு ஏறுகிறதோ அத்தனை மடங்கு சூடு ஏறும். அழுத்தமோ, ஏறின மடங்கைத் தன்னாலேயே பெருக்கினால் வரும் அளவுக்குச் சூட்டை ஏற்றும். 300-ஐ 450 ஆக்கினால் சூடு ஒன்றரை மடங்கு. அதோடு 2 வோல்ட்டை 2.2 ஆக்கினால் ஏறக்குறைய 1.8 மடங்கு. இந்தச் சூடு நகத்தளவான இடத்தில் கிளம்புகிறது. அதை உடனே அப்புறப்படுத்தாவிட்டால் சில்லின் கை தளரும். தளர்ந்தால் கல் விழும். குளிர்ந்த சில்லு வேகமாகவும் பிழையில்லாமலும் வேலை செய்யும். ஆகவே வேகத்தைக் கூட்ட நினைக்கிறவன் முதலில் குளிர்ச்சிக்கு வழி தேடியாக வேண்டும்.

குளிர்விப்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை. நீங்கள் தினம் காப்பி ஆற்றுகிற வித்தைதான். டம்ளரில் ஆறாத காப்பி டபராவில் ஊற்றினால் ஆறுகிறது, பரப்பு அதிகமாகி அதிகக் காற்று படுவதால். அலுமினியத்தில் சீப்புப் பல் போலத் தகடுகளை நிறுத்தி வைத்திருப்பது பரப்பை அதிகமாக்கத்தான். விசிறி, சுட்ட காற்றைத் தள்ளிப் புதுக் காற்றைக் கொண்டு வருகிறது. சில்லுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு பசை தடவுகிறார்கள். இரண்டும் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினாலும் உண்மையில் உழுத வயல்போல் மேடு பள்ளமாக இருக்கும். பள்ளத்தில் காற்று நின்றுகொண்டால் சூடு கடக்காது. அந்தப் பள்ளத்தை நிரப்பவே பசை. நம் நாட்டில் எதையும் அப்பிப் பழகியவர்களாகையால், இந்தப் பசையையும் சந்தனக்காப்பு சாத்துவதுபோல் அப்புகிறவர்களைக் கண்டிருக்கிறோம். அது கூடாது. பசை உலோகத்தைவிடச் சூட்டைக் கடத்துவதில் மட்டமானது. பள்ளம் நிரம்ப மெல்லிசாக இருந்தால் போதும்; கனமாக இருந்தால் அதுவே தடை. இந்தப் பெட்டியில் பழைய பசை காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்துகொண்டிருந்தது. அதைத் துடைத்துப் புதிது வைத்தபின், முன்பு கை வைக்க முடியாமல் சுட்ட தகடு இப்போது கை வைத்துக்கொண்டே இருக்கலாம் என்கிற நிலைமைக்கு வந்தது.

நம் ஊர் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். விசிறியும் தகடும் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் செய்துவிடாது. சித்திரை வெயிலில் ஓட்டுக் கூரையின் கீழ் காற்றே 40 டிகிரி இருந்தால், சில்லு அதற்கு மேல்தான் இருக்கும். அமெரிக்காவில் ஒருவன் தை மாதக் குளிரில் இத்தனை வேகம் ஓட்டினேன் என்று எழுதுவதைப் படித்து, இங்கே அக்கினி நட்சத்திரத்தில் அதே எண்ணை வைக்கக்கூடாது. மண்பானைத் தண்ணீர் மட்டும் காற்றைவிடக் குளிர்கிறதே என்று கேட்பீர்கள். பானையில் நீர் கசிந்து ஆவியாகிச் சூட்டைக் கொண்டுபோகிறது. தகட்டில் அது இல்லை. ஐஸ் வைத்தோ வேறு கருவி வைத்தோ காற்றைவிடக் குளிர வைத்தால், நம் கடற்கரைப் பக்கத்துக் காற்றில் இருக்கும் ஈரம், குளிர்ந்த சோடா பாட்டிலின்மேல் முத்து முத்தாக நீர் கோப்பதுபோல், சில்லைச் சுற்றி நீர் கோத்து, மின்சாரம் குறுக்கே பாய்ந்து, எல்லாம் போய்விடும். மேல்நாட்டில் திரவ ஹீலியத்தை ஊற்றி 2011-இல் ஏ.எம்.டி. சில்லு ஒன்றை வினாடிக்கு 842 கோடித் துடிப்புக்கு மேல் ஓட்டிக் காட்டினார்கள். அது கொஞ்ச நேரத்துப் பந்தயம். அன்றாடம் உபயோகிக்கிறவனுக்கு அது வழி அல்ல.

நிற்க. வேகம் ஏற்றினோம், ஓடுகிறது. ஆனால் சரியாக ஓடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்த இடத்தில்தான் நமக்கும் ஜோசியர் கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் வெளிப்படுகிறது.

நம் இளைஞர்கள் வேகம் ஏற்றிய அன்று இரவு முழுவதும் இதற்கு ஒரு கணக்கைக் கொடுத்தார்கள். வட்டத்தின் சுற்றளவை அதன் விட்டத்தால் வகுத்தால் வரும் எண் இருக்கிறதே, அதன் இலக்கங்களை இலட்சக்கணக்கில் கண்டுபிடிக்கச் சொல்லும் கணக்கு. விடை ஏற்கெனவே உலகத்துக்குத் தெரியும். யந்திரம் சொல்வதை அதோடு ஒப்பிட்டு, எங்கோ ஓர் இலக்கம் தப்பினாலும் "இந்த வேகம் உனக்கு ஆகாது" என்று இறக்கிவிட வேண்டும். முதல் இரவு தப்பியது. மெமரி என்கிற நினைவுப் பலகை பழைய வேகத்துக்குரியது என்று கண்டு அதை மாற்றினார்கள். மறு இரவு தப்பவில்லை. மூன்றாம் இரவும் தப்பவில்லை. அதன் பிறகே "450-இல் ஓடும்" என்று வெளியே சொன்னார்கள்.

இதே யந்திரம் அதற்கு முன் எத்தனை வருஷம் ஜாதகம் கணித்தது! கிரகங்கள் எந்த இடத்தில் இருக்கின்றன என்கிற கணக்கை இது சரியாகத்தான் போட்டிருக்கும். அது வான சாஸ்திரம். அதில் நமக்குச் சண்டை இல்லை. ஆனால் செவ்வாய் இந்தக் கட்டத்தில் இருப்பதால் இந்தப் பெண் புருஷனை விழுங்குவாள் என்று அச்சடித்துக் கொடுத்ததே, அந்த விடையை எந்தச் சரியான விடையோடு எவன் ஒப்பிட்டுப் பார்த்தான்? அதனால் கலியாணம் நின்றுபோன பெண்கள் எத்தனை பேர்? பஞ்சாங்கத்தைப் புரட்டி அரை நாளில் சொன்ன பொய்யை யந்திரம் அரை வினாடியில் சொல்லிற்று. இன்று நம் இளைஞர்கள் ஏற்றியிருக்கும் வேகத்தில் ஓட்டியிருந்தால் இன்னும் சீக்கிரமாகச் சொல்லியிருக்கும்.

இன்னொன்று கேளுங்கள். 1994-இல் இன்டெல் கம்பெனியாரின் பென்டியம் சில்லில் சில வகுத்தல் கணக்குகள் தப்பாக வருகின்றன என்று நைஸ்லி என்னும் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் கண்டுபிடித்தார். தசமப் புள்ளிக்கு அப்பால் எங்கோ தள்ளியிருந்த பிழை. கம்பெனியார் முதலில் இதைச் சாதாரணமாகச் சொல்லிப் பார்த்தார்கள். ஜனங்கள் விடவில்லை. கடைசியில் கேட்டவர்களுக்கெல்லாம் சில்லை மாற்றிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு, அதற்காக 47 கோடியே 50 இலட்சம் டாலர் செலவு எழுதினார்கள். தசமத்தில் ஒரு பிழைக்கு இத்தனை தண்டம்! நம் நாட்டில் மழை வரும் என்று எழுதி வராத வருஷத்துக்கு எந்தப் பஞ்சாங்கக்காரன் புத்தகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு காசைக் கொடுத்தான்?

இனி, முத்திரை விஷயத்துக்கு வருவோம். 300 என்று பொறித்த சில்லு 450-இல் எப்படி ஓடுகிறது? பொறித்தவன் முட்டாளா? அல்ல.

சில்லுகளை மணலிலிருந்து எடுக்கும் சிலிக்கன் வட்டத் தகட்டில், ஒரே தகட்டில் பல நூறாகச் செய்கிறார்கள். ஒரே மண், ஒரே உலை, ஒரே அச்சு. பிறகு ஒவ்வொன்றையும் சோதித்து, இது இத்தனை வேகம் தாங்கும், அது அத்தனை தாங்கும் என்று பிரித்து முத்திரை போடுகிறார்கள். இதுவரையில் நியாயம். ஆனால் சந்தை என்று ஒன்று இருக்கிறது. விலை குறைந்த சரக்குக்குக் கிராக்கி அதிகமாகிவிட்டால், 450 தாங்கும் சில்லின்மேலும் 300 என்றே பொறித்து விற்கிறார்கள். சில்லுக்குத் தகுதி குறைவில்லை. கடைக்குத் தேவை அது.

இதைவிட அக்கிரமமும் நடந்தது. 1991-இல் 486 எஸ்.எக்ஸ். என்று ஒரு மலிவுச் சில்லு வந்தது. விலை அதிகமான 486 டி.எக்ஸ். சில்லில் பின்னக் கணக்குப் போடும் தனிப் பகுதி உண்டு. எஸ்.எக்ஸில் அந்தப் பகுதி வேலை செய்யாது. ஏன் செய்யாது? அதே சில்லைச் செய்து, அந்தப் பகுதியை மட்டும் வேலை செய்யாமல் கட்டிப்போட்டு விற்றார்கள். "எனக்குப் பின்னக் கணக்கு வேண்டும்" என்று வந்தவனுக்கு 487 என்று இன்னொரு சில்லை விற்றார்கள். அது துணைச் சில்லு என்று பெயர். உண்மையில் அது முழு 486 டி.எக்ஸ்.தான். அதைச் செருகினதும் பழைய சில்லைத் தூங்க வைத்துவிட்டு எல்லா வேலையையும் தானே செய்யும். கை இருக்கிறவனுடைய கையைக் கட்டிவிட்டு, "இவன் கையில்லாமல் பிறந்தவன், இவனுக்கு இவ்வளவுதான் கூலி" என்று விலை பேசுவதற்கு இதைவிட வேறு உதாரணம் நமக்கு வேண்டுமா? நமக்கு உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. நம் பாட்டன் முப்பாட்டன் எல்லாரும் எஸ்.எக்ஸ். முத்திரை குத்தப்பட்டவர்கள்தானே!

இன்னும் சொன்னால், கம்பெனிக்காரன் நம் வருணாசிரமக்காரனைவிட எவ்வளவோ மேல். அவன் சில்லைச் செய்து முடித்து, சோதித்துப் பார்த்து, அதன் பிறகு முத்திரை போடுகிறான். நம் சாஸ்திரக்காரனோ பிள்ளை வயிற்றிலிருந்து வெளியே வருவதற்கு முன்னேயே "இது மலம் அள்ள, இது மந்திரம் சொல்ல" என்று முத்திரை போட்டுவிட்டான். சோதனையே இல்லை. சோதனைக்கு வந்தவனையும் விடவில்லை. வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்றான். அதற்குத் தலையெழுத்து என்று பெயர் வைத்தான். சில்லின் தலையிலும் எழுத்துத்தான் இருக்கிறது. நம் இளைஞர்கள் அதைப் படித்தார்கள், நம்பவில்லை, சோதித்தார்கள். அவ்வளவுதான் செய்தது.

சோதிப்பவனைக் கண்டால் பயப்படுவது முதலாளிக்கும் உண்டு. 1984-இல் ஐ.பி.எம். கம்பெனியார் ஏ.டி. என்னும் கம்ப்யூட்டரை 6 மெகாஹெர்ட்ஸில் விற்றார்கள். சிலர் அதிலிருந்த 12 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைப் பிடுங்கிவிட்டு, சில டாலர் கொடுத்து 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை வைத்து, 8-இல் ஓட்டினார்கள். நன்றாக ஓடிற்று. உடனே கம்பெனியார் என்ன செய்தார்கள்? பின்னால் வந்த பெட்டிகளில், வேகம் அதிகமாக இருந்தால் பெட்டி கிளம்பவே மாட்டேன் என்று நிற்கும்படி காவல் வைத்துவிட்டார்கள். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவராகச் சொல்லப்படும் இராமானுஜர், குரு இரகசியமாகச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோட்டியூரில் கோபுரத்தின்மேல் ஏறி எல்லாருக்கும் சொல்லிவிட்டார் என்று வைணவர்கள் பெருமை பேசுகிறார்கள். சொன்னாரோ இல்லையோ, அந்த மந்திரத்தைக் கேட்டவனுக்குக் கர்ப்பக்கிரகக் கதவு திறக்கவில்லை. படிகத்தை மாற்றியவனுக்கு வேகமாவது கிடைத்தது.

இந்தப் பக்கத்திலும் புரட்டர்கள் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. 1990-களில் சில வியாபாரிகள் சில்லின்மேல் இருக்கும் எண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, பெரிய எண்ணைப் பொறித்து அதிக விலைக்கு விற்றார்கள். சோதனையும் இல்லை, குளிர்ச்சிக்கு ஏற்பாடும் இல்லை. வாங்கினவன் வீட்டில் அது நின்று நின்று ஓடிற்று. நம்மில் சிலர், ஜாதியை ஒழிக்கச் சொன்னால் ஒழிக்காமல், தாங்களும் பூணூலை மாட்டிக்கொண்டு "நாங்களும் க்ஷத்திரியர், நாங்களும் வைசியர்" என்று மகாநாடு கூட்டினார்களே, அந்த வேலைதான் இது. ஓர் எண்ணைச் சுரண்டி வேறு எண்ணைப் பொறிக்கிறவன் முத்திரையை ஒழிக்கவில்லை, அதற்கே அடிமையாகிறான்.

சரி, முத்திரை பொய் என்பதால் எந்தச் சில்லையும் எந்த வேகத்திலும் விரட்டலாமா என்றால், அதுவும் மூடத்தனந்தான். நாம் பெரிதாகச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

எல்லாப் பொருளுக்கும் ஓர் எல்லை உண்டு. அது சாஸ்திரத்தில் இல்லை, பொருளில் இருக்கிறது. இன்டெல் கம்பெனியாரே இதை அடிபட்டுத்தான் கற்றார்கள். வருஷத்துக்கு வருஷம் வேகத்தை ஏற்றிக்கொண்டே போய், 2004-இல் வெளியிட்ட பிரெஸ்காட் என்னும் பென்டியம் 4 சில்லில் சூடு 100 வாட்டைத் தாண்டியது. நகத்தளவு சில்லில் நூறு வாட் பல்பின் சூடு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதே வருஷத்தில் 4000 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று சொன்னதை ரத்து செய்தார்கள். மறு வருஷம் என்ன செய்தார்கள்? ஒரு மூளையை விரட்டுவதை விட்டு, ஒரே சில்லில் இரண்டு மூளைகளை வைத்து வேலையைப் பங்கிட்டார்கள்.

2001-இல் ஒரு சோதனை நடந்தது. ஓடிக்கொண்டிருக்கும் சில்லின்மேல் இருக்கும் குளிர்விக்கும் தகட்டைத் திடீரென்று எடுத்துவிட்டார்கள். ஏ.எம்.டி. கம்பெனியின் அத்லான் சில்லு கண் மூடித் திறக்குமுன் புகைந்து செத்தது. இன்டெலின் பென்டியம் 4 சாகவில்லை. சூடு ஏறுவதைத் தானே உணர்ந்து, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு, மெதுவாக ஓடிற்று. முதலாவது, எஜமான் சொன்ன வேகத்தில் சாகிற வரையில் ஓடுகிற விசுவாச ஊழியன். இரண்டாவது, "குளிர்ச்சியைக் கொடு, பிறகு வேகம் கேள்" என்று வேலையைக் குறைக்கிறவன். பின்னால் வந்த சில்லுகளெல்லாம் இரண்டாவது வகையாகவே செய்யப்பட்டன. ஏனென்றால் சாகிற ஊழியன் முதலாளிக்கும் நஷ்டம்.

இதைக் கேட்கும்போது உங்களுக்கு உங்கள் லைன் ஞாபகம் வருகிறது என்பது உங்கள் முகங்களைப் பார்த்தாலே தெரிகிறது. ஒரு மணிக்கு இத்தனை என்று குரல் கொடுக்கிற படிகம் அங்கேயும் இருக்கிறது. அந்தப் படிகத்தை மாற்றுகிற கை யாருடையது, அதனால் கிளம்பும் சூட்டை அப்புறப்படுத்துகிறவர் யார் என்பதுதான் கேள்வி. 2023 ஏப்ரல் 21-இல் நம் சட்டசபையில் ஒரு மசோதா நிறைவேறிற்று. ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரையில் வேலை வாங்க ஆலைகளுக்கு இடம் கொடுக்கும் மசோதா. வாரத்துக்கு 48 மணி என்பது மாறாது, நாலு நாள் வேலை, மூன்று நாள் விடுமுறை, ஆகவே யாருக்கும் நஷ்டமில்லை என்று சமாதானம் சொன்னார்கள். பெட்டியைத் திறந்து பார்த்த எந்தப் பையனும் இந்தச் சமாதானத்தில் இருக்கும் பிசகைச் சொல்லிவிடுவான். சூட்டுக்கு வாரக் கணக்கு சராசரி கிடையாது. திங்கட்கிழமை பதினோராவது மணியில் வெந்த சில்லு, வெள்ளிக்கிழமை ஓய்வு கொடுத்தால் உயிர்த்து எழாது. பதினோராவது மணியில் யந்திரத்தில் சிக்கிய விரலும் அப்படியே. தொழிற்சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்தன; மூன்று நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது; மே 1-இல் வாபஸ் ஆயிற்று. அதற்கு நூறு வருஷத்துக்கு முன், 1923 மே 1-இல், சென்னைக் கடற்கரையில் தோழர் சிங்காரவேலு அவர்கள் தொழிலாளர் தினக் கூட்டம் நடத்தினார்கள். அந்த நூறாவது வருஷத்திலா எட்டைப் பன்னிரண்டாக்கப் பார்ப்பது!

2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் தங்கள் தோழிகள் ஆஸ்பத்திரியில் கிடக்கையில், இந்த வட்டாரத்து ஆலைப் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அன்று பலபேர், "படித்த பெண்கள் இப்படி ரோட்டில் உட்காரலாமா" என்றார்கள். ஓய்வும் ஆகாரமும் படுக்கையுந்தானே மனிதனுக்குக் குளிர்விக்கும் தகடு! அதைப் பிடுங்கினால் சாகிற சில்லாக இருக்க அந்தப் பெண்கள் சம்மதிக்கவில்லை.

இளைஞர்களுக்கு இரண்டொரு வார்த்தை சொல்லிவிட்டு முடித்துக்கொள்ளுகிறோம். பழைய பெட்டியைத் திறக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறங்கள். மின்சாரம் மாற்றிக்கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆளை அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். பலகையில் சிறு டப்பா போல் நிற்கும் கெபாசிடர்களின் தலை உப்பியிருந்தால் அதை மாற்றாமல் வேகத்தைத் தொடாதீர்கள். அவை பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுளில் பாதி குறையும் சாமான். வேகத்தை ஒரே தாவலாக ஏற்றாதீர்கள். பெட்டி இடம் கொடுக்கிற மட்டும் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் கணக்குக் கொடுத்துச் சோதியுங்கள். அழுத்தத்தைத் தொடுவது கடைசி வேலை. நம் இளைஞர்கள் இந்தப் பெட்டியில் அதைத் தொடவே இல்லை. ஜம்பர் என்னும் சிறு செருகியை 66-இலிருந்து 100-க்கு மாற்றியது ஒன்றே. அவசரத்தில் ஒரு சில்லைப் பொசுக்கிவிட்டால் வெட்கப்பட வேண்டாம். ஏன் பொசுங்கிற்று என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாமும் பொசுக்கியிருக்கிறோம்.

இப்போது நம் தோழர்கள் பெட்டியை நிறுத்தி, மூடியைக் கழற்றி, சில்லையும் அதன்மேல் இருக்கும் எண்ணையும் காட்டப் போகிறார்கள். பிறகு திரும்ப ஓட்டுவார்கள். பெண்கள் முதலில் வரட்டும். இந்த மாதிரிச் சாமானைத் தினம் ஆயிரக்கணக்கில் கையால் தொட்டுப் பூட்டுகிற நீங்கள், அது திறந்து ஓடுவதைப் பார்த்ததில்லை என்று சற்று முன் இரண்டு பேர் சொன்னீர்கள். திருகாணியை நீங்களே கழற்றலாம். திருப்புளி மேஜைமேல் இருக்கிறது. ஆண்கள் தயவுசெய்து விளக்கை மறைக்காமல் தள்ளி நில்லுங்கள்.